சுளகில் புடைத்த சரித்திரம்

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் குடமுழுக்கு மலருக்காக நான் எழுதிக் கொடுத்த கட்டுரையை 'பக்தர்களின் எண்ணங்கள்' என்ற பகுதியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று மலர்க்குழுவின் தலைவர் சொன்ன மாலையில்தான் இது தொடங்கியது. அந்தக் கட்டுரையில் எண்ணம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. தாமிரபரணியிலிருந்து எங்கள் அம்பாசமுத்திரத்து, சுருக்கமாக அம்பையின், வயல்களுக்குப் பிரியும் வாய்க்காலின் மடைகள் எந்தெந்தக் காலத்தில் எவரெவர் பொறுப்பில் இருந்தன என்பதைக் கல்வெட்டையும் பழைய கிரயப் பத்திரங்களையும் வைத்து நிறுவியிருந்தேன். சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு நிலம் யாரிடமிருந்து யாருக்கு, எந்த வழியில் போயிற்று என்பதைப் பணிக்காலம் முழுவதும் படித்தவள். என் ஒப்பம் விழுந்த பத்திரம் எதுவும் நீதிமன்றத்தில் நின்று தலைகுனிந்ததில்லை.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர், மரியாதை தெரிந்தவர். குரலை உயர்த்தாமலேயே சொன்னார்.

"கட்டுரை நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா வரலாற்றுப் பகுதியில போடணும்னா எழுதினவுகளுக்கு அந்தப் படிப்பு இருக்கணும்லா? நீங்க படிச்சது கணக்கு. நாளைக்கு ஒருத்தர் கேள்வி கேட்டா மலருக்குத்தான கெட்ட பேரு?"

மாலைகளில் கூடித் திருமுறை ஓதும் எங்கள் பதிகக் குழுவின் பெண்கள் எல்லோரும் அப்போது கோயில் மண்டபத்தில் இருந்தார்கள். அவர்கள் முன்னிலையில் ஒரு சொல் சொல்லப்பட்டால் அது இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஊரைச் சுற்றிவிடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பேசினேன்.

"அப்பம் படிச்சுட்டே வாறேன். இந்த வருஷமே எம்.ஏ. வரலாற்றுல சேருதேன்."

"நல்ல விஷயம். தபால்ல சேந்துருங்க. நுழைவுப் பரீட்சை, அலைச்சல் ஒண்ணும் கிடையாது."

"தபால்ல வேண்டாம். யுனிவர்சிட்டியில நுழைவுத் தேர்வு எழுதி, பிள்ளைகளோட பிள்ளையா உக்காந்து படிப்பேன். இடம் கிடைக்கலைன்னா இந்த மண்டபத்துல சரித்திரம்னு ஒரு வார்த்தை எங்கிட்ட இருந்து வராது."

கட்டுரையைத் திரும்ப வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். சொன்ன சொல்லை மாற்றிப் பேசியவள் என்ற பெயர் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் கிடையாது. அந்தப் பெயர் என்னோடு தொடங்குவதாக இல்லை. பட்டப் படிப்பு எந்தத் துறையில் இருந்தாலும் தேர்வு எழுதலாம் என்பதையும், வயது வரம்பு இல்லை என்பதையும் முன்னமே விசாரித்து வைத்திருந்தேன். அரசுப் பணியில் இருந்தவர்கள் விதியைப் பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை.

படிக்கும் முறையைப் பற்றி எனக்கு ஐயமே எழவில்லை. எங்கள் பதிகக் குழுவில் முற்றோதல் என்று ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் பாடலைத் தொடங்கினால் நூலின் கடைசிப் பாடல் வரை இடையில் நிறுத்தாமல், உரத்த குரலில், ஒரே நாளில் ஓதி முடிப்பது. அப்படி ஆண்டுக்கணக்கில் ஓதி ஓதியே நூற்றுக்கணக்கான பாடல்கள் எங்களில் பலருக்கு ஏடு இல்லாமல் வரும். எனக்கு ஓர் அடிகூடப் பிசகாது. பாட்டு இப்படி நிற்கும் என்றால் வரலாறு நிற்காதா? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடநூல்களையும், பட்டப்படிப்புக்கான தடித்த நூல்கள் சிலவற்றையும் வாங்கி, பூசையறைக்கு அடுத்த அறையில் மணைப்பலகையில் அடுக்கினேன். நீராடி, நீறணிந்து, நாள்தோறும் காலையில் ஓதத் தொடங்கினேன். சிந்துவெளியில் தொடங்கி, மௌரியர், குப்தர், பல்லவர், சோழர் என்று வரிசை மாறாமல் வருவேன். மெல்ல மெல்ல உரைநடைக்கே ஒரு ராகம் அமைந்துவிட்டது. குப்தர்களின் ஆட்சி முறையை நான் ஓதும்போது தெருவில் போகிறவர்கள் ஏதோ விசேஷம் என்று எண்ணி வாசலில் நின்று கும்பிட்டுப் போனதும் உண்டு.

கோடை வருவதற்குள் நூல்களை மூடி வைத்துவிட்டே ஓத முடிந்தது. குழுவில் ஒரு நாள் டெல்லி சுல்தானியம் முழுவதையும் மூச்சு விடாமல் சொல்லிக் காட்டினேன். கை தட்டுவது எங்கள் வழக்கமில்லை என்பதால் 'சிவ சிவ' என்றார்கள். நான் அடைந்த நிறைவை மறைக்க வேண்டிய தேவை இல்லை. அந்த வயதில் அவ்வளவையும் மனனம் செய்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

என் தம்பியின் மனைவி அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்தில் விசில் தொங்குவதுபோலவே நடப்பாள், அப்படியே பேசுவாள். என்னை மதினி என்று அழைப்பாள், மதிப்பாள், ஆனால் பயப்படமாட்டாள். என் கணவர் காலமானதிலிருந்து காலைக் காப்பியை என்னோடுதான் குடிக்கிறாள். ஒரு நாள் அந்தக் காப்பியோடு, செல்பேசியிலிருந்து அச்செடுத்த மாதிரி வினாத்தாள் ஒன்றையும் கொண்டுவந்து வைத்தாள்.

"ஓதினது போதும் மதினி. ஒரு தடவை ஓடிப் பாப்போம்."

தேர்வின் அமைப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். சரியானதற்கு உரிய வட்டத்தைப் பேனாவால் கறுக்க வேண்டும். தவறாகக் கறுத்தால் பெற்ற மதிப்பெண்ணிலும் குறைப்பார்கள். வினாக்கள் கால வரிசையில் வாரா. அவள் உண்மையாகவே விசிலை ஊதினாள். முதல் வினா, விஜயநகரத்தை ஆண்ட துளுவ மரபுக்கு முன் ஆண்டது எந்த மரபு என்பது. எனக்குத் தெரிந்த செய்தி. கண்ணை மூடினேன்.

சற்றுப் பொறுத்து அவள் குரல் கேட்டது. "என்ன மதினி முணுமுணுக்கீய? நேரம் ஓடுதுல்லா!"

"வந்துக்கிட்டிருக்கேன். பேசாம இரி."

"எங்கன வந்திருக்கீய?"

"சோழர்கிட்ட."

"சோழர்கிட்டயா? கேள்வி விஜயநகரத்தைப் பத்தில்லா!"

"அவுகளைத் தாண்டித்தான அங்கன போகணும்? அத்தியாயத்தை நடுவுல இருந்து எடுக்க முடியாது."

அவள் வினாத்தாளை மடியில் போட்டுக்கொண்டு சிரித்த சிரிப்பு என் தம்பி வீட்டு மாடி வரை கேட்டிருக்கும். "நல்லாருக்கு! அம்பையில பஸ் ஏற வேண்டியவுக பாபநாசத்துக்குப் போயி, முதல் ஸ்டாப்புல ஏறிக்கிட்டு வாறீயளே! அதுவும் ஒவ்வொரு கேள்விக்கும்!"

நான் சிரிக்கவில்லை. சாளுவ மரபு என்ற விடை சரியாகத்தான் வந்தது. ஆனால் அது வந்து சேர்ந்தபோது காப்பி ஆறிப்போயிருந்தது. அடுத்த வினா மௌரியரைப் பற்றியது, விரைவில் முடிந்தது. அதற்கடுத்தது விடுதலைப் போராட்டம். அங்கே போய்ச் சேர நான் நாடு முழுவதையும் நடந்து கடக்க வேண்டியிருந்தது. மறுபடி விசில் ஒலித்தபோது வினாத்தாளில் பாதிக்கு மேல் தொடப்படாமல் கிடந்தது. கறுத்த வட்டங்களில் ஒன்றுகூடப் பிழையில்லை. அதைச் சுட்டிக்காட்டினேன்.

"பிழை இல்லைதான். சீட்டும் இல்லை" என்றாள்.

அன்று மாலை குழுவுக்குப் போனபோது, முதன்முறையாக, பதிகம் ஓதும்போதே என்னை நானே கவனித்தேன். ஏழாம் பாட்டின் முதல் அடி என்ன என்று மனத்துக்குள் கேட்டுப் பார்த்தேன். வரவில்லை. முதல் பாட்டிலிருந்து தொடங்கினால் தடையின்றி வந்தது. இது என் குறை மட்டுமன்று. அந்த மண்டபத்தில் அமர்ந்திருந்த அத்தனை பேருக்கும் அப்படித்தான். ஒரு பாட்டை மறந்தால் நாங்கள் பின்னால் போய்த் தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு வருவோம். இறைவன் காத்திருப்பார். தேர்வு காத்திருக்காது.

வேறு முறைகளையும் முயன்று பார்த்தேன். இணையத்தில் பாடம் நடத்தும் இளைஞர்கள் அரச மரபுகளின் முதல் எழுத்துகளைக் கோத்து, பொருளற்ற ஒரு சொல்லை உண்டாக்கி, அதை நினைவில் வைக்கச் சொல்கிறார்கள். சிலருக்கு அது உதவக்கூடும். பேரரசுகளை உளறல் மொழியில் நினைவுகூர எனக்கு மனம் ஒப்பவில்லை. முக்கியமான வரிகளை வண்ண மையால் பூசிப் பார்த்தேன். எல்லாமே முக்கியமாகப் பட்டதால் பக்கம் முழுவதும் மஞ்சளாயிற்று. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போகும் வழியில், "எப்பம்மா பரீட்சை?" என்று கேட்பவர்களின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தோடு கேட்கவில்லை என்பதை நான் அறியாதவளல்ல.

வழி வேறு திசையிலிருந்து வந்தது. ஓய்வு பெற்ற பின்னும் பத்திரங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டிக் கருத்துக் கேட்பவர்கள் உண்டு. முக்கூடலில் வீட்டடி மனை ஒன்று வாங்கவிருந்த உறவினர் ஒருவர் நகல்களைக் கொண்டுவந்து விரித்தார். நான் வழக்கம்போல் மேலிருந்த பத்திரத்தை எடுத்தேன். இப்போது விற்பவருக்கு இது எப்படி வந்தது? பாகப்பிரிவினையில். பிரித்துக் கொடுத்த தந்தைக்கு? கிரயத்தில். அவருக்கு விற்றவருக்கு? தானமாக. ஒவ்வொரு படியிலும் நான்கு எல்லைகளையும் சரிபார்த்தேன். வடக்கே யார் நிலம், தெற்கே எது, கிழக்கே எந்த வாய்க்கால், மேற்கே எந்தப் பாதை. தானப் பத்திரத்தில் மேற்கு எல்லை மாறியிருப்பதைக் கண்டு, அதை விசாரிக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அவருக்குக் கொடுத்த காப்பித் தம்ளரில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

தம்பி மனைவி கதவருகே கைகட்டி நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, இதுக்கு மட்டும் முதல்ல இருந்து பாடலையே?"

"பத்திரத்தை எந்த மடச்சி முதல்ல இருந்து படிப்பா? இப்பம் யாரு கையில இருக்கோ அங்கன பிடிச்சு, பைய பைய பின்னால போகணும்."

"ஏன், நாடும் ஒருத்தர் கையில இருந்து ஒருத்தர் கைக்குப் போனதுதான?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். நல்ல கருத்து எவரிடமிருந்து வந்தாலும் உரிய இடத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது என் கொள்கை. அதனால் இங்கே பதிவு செய்கிறேன். அந்தக் கேள்வி அவளுடையது. அதிலிருந்து ஒரு முறையை உருவாக்கியது நான்.

அன்றே தொடங்கினேன். இந்தத் திருநெல்வேலிச் சீமை ஆங்கிலேயர் கைக்கு எப்படி வந்தது? ஆற்காட்டு நவாபிடமிருந்து, உடன்படிக்கை வழியில். நவாபுக்கு எப்படி? மதுரை நாயக்கர் மரபு முடிவுற்ற பின், படையெடுப்பு வழியில். நாயக்கர்களுக்கு? விஜயநகரத்தின் ஆளுநர்களாக வந்து தனித்து நின்ற வழியில். விஜயநகரத்துக்கு முன் மதுரைச் சுல்தானியம், அதற்கு முன் பாண்டியர். போர், வாரிசு, மணவுறவு, உடன்படிக்கை, கலகம் என்று கைமாறும் வழிகள் ஐந்தாறுதான். கிரயம், தானம், செட்டில்மெண்ட், பாகம் என்று நான் பழகியவற்றைவிட அவை கடினமானவை அல்ல. அடுத்தது நான்கு எல்லை. விஜயநகரம் ஓங்கியிருந்த காலத்தில் வடக்கே பாமினி, வடகிழக்கே ஒரிசாவின் கஜபதிகள், தெற்கே தென்காசிப் பாண்டியர், கிழக்கேயும் மேற்கேயும் கடல். இப்படி எல்லை எழுதிய பிறகு, 'இவர்களில் சமகாலத்தவர் யார்' என்னும் வகை வினா எதுவும் என்னை அசைக்கவில்லை. கடைசியாக வில்லங்கம். தரப்பட்ட நான்கு விடைகளில் இரண்டு ஒன்றுபோல் தோன்றினால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. எது அந்தக் காலத்தில் அந்த எல்லைக்குள் இருந்திருக்கவே முடியாதோ அதை முதலில் அடித்துவிட வேண்டும். பெரும்பாலும் மிஞ்சுவது ஒன்றுதான்.

ஆயினும் ஓதும் பழக்கம் எளிதில் விடவில்லை. பின்னோக்கிப் போவதையும் நான் வரிசையாக மனனம் செய்யத் தொடங்கிவிட்டேன் என்பதைத் தம்பி மனைவிதான் கண்டுபிடித்தாள். அதற்கு மருந்தாக அவள் வீட்டில் கட்டாக மிஞ்சிக் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு துண்டின் வெறும்புறத்திலும் ஒரு வினாவை நான் எழுத வேண்டும். அவற்றை அரிசி புடைக்கும் சுளகில் கொட்டி, முற்றத்தில் நின்று, நாலு தட்டுத் தட்டிப் புடைப்பாள். எது துள்ளிக் கீழே விழுகிறதோ அதற்கு நான் உடனே விடை சொல்ல வேண்டும்.

"ஹொய்சாளர் தலைநகரம்?"

"துவாரசமுத்திரம்."

"லோடிக்கு முன்னால?"

"சையது."

"தலைநகரைத் தேவகிரிக்குக் கொண்டுபோனது?"

"துக்ளக் மரபு."

"என் மாமியார் மகளுக்குக் கோவம் வந்தா?"

"ஏளா, சேட்டை பண்ணாத. அடுத்ததைப் போடு."

அவளுடைய மாமியாரின் மகள் நான்தான் என்பதை விளக்க வேண்டியதில்லை. காலை வெயில் முற்றத்தில் ஏறும்வரை புடைத்துக்கொண்டே இருப்பாள். தப்பான துண்டு மறுபடி சுளகுக்குள் போகும். சரியானது ஓலைப் பெட்டிக்குள் விழும். சில நாளில் பெட்டியில் இருப்பதையும் எடுத்துச் சுளகில் போடுவாள். தெரிந்தது என்று ஒதுக்கி வைத்ததுதான் முதலில் மறக்கும் என்பது அவள் அனுபவம். விளையாட்டுப் பிள்ளைகளைப் பழக்கியவள் ஆயிற்றே. என் விடைகளின் வேகம் கூடிற்று. ஐயப்பாடு இருக்கும்போது வாயை மூடவும் பழகினேன். தவறான விடைக்கு அவள் விசில் ஊதுவாள். தெருவுக்குக் கேட்கும். தவறு குறைய அதைவிடச் சிறந்த தூண்டுதல் எனக்குத் தேவைப்படவில்லை.

தேர்வுக்கு முந்தைய பிரதோஷத்தன்று, சுண்டல் வழங்கி முடிந்ததும், எங்கள் குழுவின் தலைவியான ஆச்சி என்னை மறித்தார். என்னைவிட மூத்தவர், ஊரில் பழைய குடும்பம்.

"என்ன ரெஜிஸ்தர் அம்மா, சுளகுல புடைச்சுல்லாம் படிக்கியாமே. நாங்களும் நாலு கேள்வி கேக்கலாமா? இல்ல, யுனிவர்சிட்டிக்காரங்க கேட்டாத்தான் சொல்லுவியா?"

மறுத்திருக்கலாம். மறுத்தால் அஞ்சினாள் என்று ஆகும். தடுமாறினாலோ, சொன்ன சொல் தேர்வுக்கு முன்னமே காற்றில் போய்விடும். தூணோரம் அமர்ந்து, "கேளுங்க ஆச்சி" என்றேன். பேரப்பிள்ளைகளின் புத்தகங்களிலிருந்து ஆளுக்கொரு வினாவைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பல்லவர், பாமினி, பாளையக்காரர் என்று நாலா பக்கமிருந்தும் வந்தது. ஒன்றுக்கும் நான் கண்ணை மூடவில்லை. வாய் முணுமுணுக்கவில்லை. ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் இருந்தவள் புத்தகத்தைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கடைசியில் ஆச்சியே கேட்டார். "சரி, நீ உக்காந்திருக்கியே இந்த மண்டபம், இதைக் கட்டுனது யாரு?"

"தெரியாது ஆச்சி."

ஆச்சியின் முகம் மலர்ந்தது. "கேட்டீயளா? ஊரு சரித்திரம் எழுதுதேன்னா. இதை எங்க தாத்தாவுக்குத் தாத்தா கட்டுனாக. அதுகூடத் தெரியலை."

"அதுக்கு ஆதாரம்?"

"ஆதாரமா? எல்லாருக்கும் தெரியும்லா!"

"எல்லாருக்கும் தெரிஞ்சது பத்திரம் ஆகாது ஆச்சி. இங்கன எந்தத் தூண்லயும் கல்வெட்டு இல்லை. நான் பாத்துட்டேன். எழுத்து இல்லாததைத் தெரியாதுன்னு சொல்லுததுதான் சரித்திரப் படிப்பு. உங்க வீட்டுல செப்பேடு கிப்பேடு இருந்தா கொண்டாங்க, அன்னைக்குச் சொல்லுதேன்."

தம்பி மனைவி இடுப்பில் கைவைத்துத் தொண்டையைக் கனைத்தாள். விசில் கையில் இல்லாத குறையை அப்படித் தீர்த்துக்கொண்டாள். ஆச்சி, "வாயி இருக்கு, பிழைச்சுக்கிடுவ" என்று சொல்லி, மிஞ்சியிருந்த சுண்டலையும் என் கையிலேயே வைத்தார். எங்கள் ஊரில் அது சிறிய மரியாதை அன்று.

தேர்வு நாளன்று அம்பையிலிருந்து முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்துத் திருநெல்வேலிக்குப் போனேன். சேரன்மகாதேவி தாண்டியதும், உடன் வந்த தம்பி மனைவி வினாத் துண்டுகளை எடுத்தாள். அவற்றைத் திரும்பப் பைக்குள் வைக்கச் சொன்னேன். தேர்வுக்குப் போகும் வழியில் புதிதாக ஒன்றையும் ஏற்றக்கூடாது. ஏற்கெனவே உள்ளே இருப்பதைத்தான் அது கலைக்கும். வயலையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டு போனேன். கூடத்தில் என்னைத் தவிர எல்லோரும் இளையவர்கள். வாயிலில் நின்றவர், உடன் வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அனுமதிச் சீட்டை நீட்டினேன். அவர் எழுந்து நின்று வழிவிட்டார்.

முதல் சுற்றில் உடனே தெரிந்தவற்றை மட்டும் கறுத்தேன். இரண்டாம் சுற்றில் எல்லை எழுதிப் பார்த்து, இருக்க முடியாத விடைகளை அடித்து, மிஞ்சியவற்றைக் கறுத்தேன். எழுத்து இல்லாதவற்றை, அதாவது எனக்கு உறுதியில்லாதவற்றை, தொடாமல் விட்டேன். நேரம் மிஞ்சியிருந்தது. குப்தர் காலத்து அலுவலர் பதவிகளைப் பற்றிய ஒரு வினா மட்டும் நெருடிக்கொண்டே இருந்தது. எந்த எல்லைக்கும் அகப்படவில்லை. அப்போது ஒரு முடிவெடுத்தேன். பழைய முறையிலேயே அந்த அத்தியாயத்தின் தொடக்கத்தைப் பிடித்து மனத்துக்குள் ஓதத் தொடங்கினேன். மனத்துக்குள் என்றுதான் நினைத்திருந்தேன்.

கண்காணிப்பாளரான இளம்பெண் அருகே வந்து குனிந்தாள். "அம்மா, பாடக் கூடாதும்மா."

"பாடலை. குப்தரை வரவழைக்கேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நகர்ந்தாள். பத்தியின் நடுவில் அந்தப் பதவியின் பெயர் தன் ராகத்தோடு வந்து நின்றது. வட்டத்தைக் கறுத்தேன். அத்தனை மாதம் ஓதியது வீணாகவில்லை. ஒரு வினாவுக்காவது முதல் நிறுத்தத்தில் ஏறி வருவதற்கு நேரம் இருந்தது.

தேர்வுக்கும் முடிவுக்கும் இடையில் நான் எவரிடமும் நன்றாக எழுதினேன் என்று சொல்லவில்லை. கேட்டவர்களிடம் 'எழுதியிருக்கிறேன்' என்று மட்டும் சொன்னேன். தேர்ந்தெடுக்கப்பட்டோர் பட்டியல் வெளிவந்த காலையில் தம்பி மனைவி செல்பேசியை நீட்டிக்கொண்டு சுற்றுச்சுவருக்கு மேலாகவே கத்தினாள்.

"மதினி! இருக்கு! முதல் பக்கத்துலயே இருக்கு!"

வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் பெயரையும் பதிவெண்ணையும் தந்தையார் பெயரையும் சரிபார்த்தேன். ஒரே பெயரில் இருவர் இருப்பது பதிவுத் துறையில் அன்றாட நிகழ்ச்சி. மூன்றும் ஒத்திருந்தன. பிறகுதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று பகலுக்குள் செய்தி பரவிவிட்டது. மலர்க்குழுத் தலைவர் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார். நன்றி சொன்னேன். கட்டுரையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. படிப்பு முடியட்டும், அதை இன்னும் நன்றாக எழுத எனக்குத் தெரிந்திருக்கும்.

மாலையில் மண்டபத்துக்குப் போனேன். ஓதல் தொடங்குவதற்கு முன்பாகவே ஆச்சியிடம், இனி வார நாள்களில் வர இயலாது, விடுமுறை நாள்களில் மட்டும் வருவேன் என்று முறைப்படி தெரிவித்தேன். அவருக்குக் காது சற்று மந்தம்.

"ஏன்? மேலுக்கு என்ன செய்யுது?"

"மேலுக்கு ஒண்ணுமில்ல ஆச்சி. காலேஜுக்குப் போகணும்."

இயல்பான குரலில்தான் சொன்னேன். ஆச்சி கையைக் காதில் குவித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். நான் மறுபடி சொல்வதற்குள், என் தம்பி மனைவி மைதானத்தின் மறுகோடியில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல், மண்டபம் முழுவதற்கும் அதைச் சொன்னாள். நான் தடுக்கவில்லை.